வெறுப்புக்கு ஆள் அடையாளம் தெரியாது

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 2014 நடத்துநர் கையேட்டில், வில்லனாக ஆட விரும்புகிறவருக்கு ‘ஓத்பிரேக்கர்’ என்றொரு தேர்வு உண்டு: சபதத்தை முறித்த புனித வீரன். 7ஆம் நிலையில் அவனைச் சுற்றி 10 அடிக்கு ஒரு வெறுப்பு வளையம். அதற்குள் நிற்கும் பேய்களும் நடைப்பிணங்களும் ஆயுதத்தால் இன்னும் பலமாக அடிக்கும். எதிரணிப் பேயும்தான்! என்னடா இது, விதியில் ஓட்டையா என்றுதான் எனக்குள்ளிருக்கும் எஞ்சினியர் முதலில் நினைத்தான். இல்லை, வில்லனை எழுதிய விதமே அதுதான். அவன் வளர்த்த வெறுப்பு அவன் நண்பர்களையும் அடிக்கும்.

ஆனால், தீயவன் மட்டுமே ஓத்பிரேக்கர் ஆகலாம் என்கிறது கையேடு. எங்கள் மேசையில் நண்பனின் வீரன் ஒரு கைதியைத் தப்பவிடச் சபதத்தை முறித்தான். இரக்கத்தால் முறித்தவனுக்கு அந்தப் பக்கங்களில் இடமில்லை. அன்றிரவு நாங்கள் பேசி முடிக்காதது அவனைப் பற்றித்தான்.