இறைக்கும் கனி, இட்ட கனி

ஆனிப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் மாங்கனித் திருவிழா. கோட்டுச்சேரியிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஜனம் அங்கே திரண்டுவிடும். பிச்சை ஏற்கும் கோலத்துச் சிவனான பிச்சாண்டவர் பச்சை சாத்திப் பவழக்கால் சப்பரத்தில் வீதியுலா வருவார். வீட்டுக்கு வீடு மாங்கனி வைத்துப் படைப்பார்கள். சப்பரம் நகர்ந்ததும் மாடியிலிருந்தும் வாசலிலிருந்தும் பழங்களை இறைப்பார்கள்.

கருவறைக்கு எட்ட நின்று கும்பிட்டுப் பழகியவர்களுக்கு இது பெரிய விடுதலை. சிறப்புத் தரிசனச் சீட்டு வேண்டாம், நடுவில் ஒருவர் நின்று பிரசாதம் தர வேண்டாம். வேண்டுதல் பலித்தவர் தம் கையாலேயே தருகிறார். பிடித்தவர் எந்தச் சாதி, எந்த மதம் என்று அந்தத் தெருவில் யாரும் கேட்பதில்லை. பிள்ளை வரம் வேண்டி அந்தப் பழத்தை உண்கிறவளுக்கு அது வெறும் அடையாளம் அன்று. உடம்புக்குள் இறங்கும் நம்பிக்கை. இந்த நெருக்கத்தை நான் குறைத்து மதிக்கமாட்டேன்.

ஆனால் இந்த விழாவுக்கு மூலமான கதையில், பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்வது வேறொரு காட்சி. பசித்து வந்த அடியாருக்குச் சோறு இருந்தது, கறி ஆகவில்லை. கணவன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரண்டு கனிகளில் ஒன்றை, பின்னாளில் காரைக்கால் அம்மையாரான புனிதவதி இலையில் இட்டார். பசித்தவரின் முகம் பார்த்து இட்ட கனி அது. வீதியில் இறைக்கும் கனியோ வலுத்தவர் கைக்கே போகிறது. முதியவர்களும் கைக்குழந்தையோடு வந்தவர்களும் நெரிசலுக்கு அஞ்சி ஓரமாக ஒதுங்குகிறார்கள். தவறி விழுந்த பழம் மிதிபட்டுக் கூழாகிறது. உணவைப் போற்றிய கதைக்கு எடுத்த விழாவில் இது எனக்குப் பொறுக்கவில்லை.

கேமரா இந்தக் குறையை வளர்க்கிறது. நேரலை நல்ல உதவிதான். கொரோனாவால் 2020-இல் வீதியுலா நின்று விழா கோயிலுக்குள் நடந்தபோது பலருக்கு அதுவே தரிசனம். ஆனாலும் ஒளிபரப்பு தேடுவது வானில் பறக்கும் பழங்களை. மாலையில் பிச்சாண்டவருக்கு அம்மையார் அமுது படைக்கும் நிகழ்ச்சிதான் கதையின் உயிர். அது படத்தில் எடுபடுவதில்லை. அழகை உதறிப் பேயுருக் கொண்டு அற்புதத் திருவந்தாதியின் 101 பாடல்களைப் பாடிய கவிஞரும் மாம்பழ மழைக்குப் பின்னால் மறைந்துபோகிறார்.

இறைப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. படைத்த பழத்தில் பாதியையாவது வாசலில் நின்று, ஓரமாக ஒதுங்கியவர்களை அழைத்துக் கையில் கொடுக்கலாம். அமுது படையலின்போது கேமராவும் சற்று நேரம் அசையாமல் நிற்கலாம்.