இடுக்கணும் நகையும்: நான்சி மெயர்சின் கட்டுரைத் திறன்

தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளுள் நகை முதலிலும் அழுகை அதனை அடுத்தும் நிற்கின்றன. இழப்பும் முன்னை நிலை கெடுதலும் அழுகைக்கு உரியன; எள்ளல் நகைக்கு உரியது. இலக்கணம் இவ்வாறு களம் பிரித்திருக்க, அழுகைக்குரிய களத்தில் நின்றே நகையை விளைவித்த எழுத்தாளர் ஒருவரைத் தமிழ் மாணவர் அறிதல் நன்று. அவர் அமெரிக்கக் கட்டுரையாளர் நான்சி மெயர்ஸ் (1943-2016).

இரு குழந்தைகளின் தாயான அவரை, முப்பது வயது நிரம்புமுன்னரே மல்டிபிள் ஸ்கெலரோசிஸ் என்னும் தண்டுவட மரப்பு நோய் பற்றியது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மேலுறையைச் சிதைப்பது இந்நோயின் இயல்பு. அதனால் மூளையின் கட்டளை உறுப்புகளைச் சீராகச் சென்றடைவதில்லை. கால் தடுமாறும், கை சோரும், பார்வை மங்கும். ஆடவரினும் பெண்டிரையே இது மிகுதியாகத் தாக்குகிறது. அதுவும் பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில், மக்களைப் பேணி வளர்க்கும் பருவத்தில் தாக்குகிறது. நோயின் போக்கைத் தணிக்கும் முதல் மருந்துக்கு அமெரிக்காவில் 1993இல்தான் இசைவு கிடைத்தது. மெயர்ஸ் நோயுற்ற 1970களின் தொடக்கத்தில் அத்தகைய மருந்து எதுவும் இல்லை.

1986இல் வெளிவந்த 'பிளெயின்டெக்ஸ்ட்' என்னும் தொகுப்பில் அவருடைய புகழ்பெற்ற கட்டுரையாகிய 'ஆன் பீயிங் எ கிரிப்பிள்' இடம்பெற்றுள்ளது. அதன் தொடக்கம் கழிப்பறையில் நிகழ்கிறது. முடமாக வாழ்வதைப் பற்றி எழுதலாமே என்று எண்ணியபடி வெளியேற முயன்றவர், நிலைதடுமாறிப் பின்புறமாகச் சாய்ந்து, உடுத்த உடையோடு மலத்தொட்டியின் மேல் கால்பரப்பி விழுகிறார். மல்லாந்து கிடக்கும் வண்டின் நிலை அது. அருகில் எவரும் இலர். அவர் வாய்விட்டுச் சிரிக்கிறார். பிறர் இருந்திருந்தால் நாணத்தால் குன்றியிருக்கக்கூடும் என்பதையும் மறைக்காமல் கூறுகிறார்.

எள்ளல், தான் பிறரை எள்ளி நகுதலும் பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுதலும் என இருவகைப்படும் என்பது பேராசிரியர் உரை. மெயர்சின் நகையில் எள்ளுவோரும் எள்ளப்படுவோரும் ஒருவரே. பிறர் தம்மைப் பார்த்து இரங்குமுன் தாமே தம்மைப் பார்த்து நகுகிறார். ஆதலின் அவ்வுடலைப் பற்றி முதற்சொல் சொல்லும் உரிமை அவரிடமே தங்குகிறது. இடுக்கண் வந்தவழி நகுமாறு கூறிய வள்ளுவர் வாக்குக்குப் பரிமேலழகர், உள்ளத்துள் மகிழ்தல் எனப் பொருள் கண்டார். மெயர்சின் நகையோ உள்ளத்தோடு அமையாது, பிறர் செவியில் விழுமாறு ஒலிக்கிறது. வேறுபாடு இங்கேதான்.

சொல் தேர்விலும் இவ்வுரிமை புலப்படுகிறது. நயமான புதுச்சொற்களை ஒதுக்கிவிட்டு, 'முடம்' என்னும் பொருளுடைய வன்சொல்லையே அவர் தமக்கு இட்டுக்கொண்டார். அச்சொல்லைப் பிறர்மேல் ஏற்றவில்லை என்பது கருதத்தக்கது. தமிழிலும் ஊனமுற்றோர், உடற்பேறு குறைந்தோர், மாற்றுத்திறனாளர் எனச் சொற்கள் மாறி வந்துள்ளன. சொல் மாறுவது நன்றே. எனினும் அச்சொல்லுக்கு உரியவரை எவரேனும் கேட்டனரோ என்னும் வினாவை மெயர்ஸ் எழுப்புகிறார்.

நகைச்சுவை அவர்க்குக் கடமையன்று. டிக்கன்சு 1843இல் படைத்த டைனி டிம் என்னும் கால் நலிந்த சிறுவனைப்போல், நோயாளர் எப்போதும் இன்முகத்துடன் இருத்தல் வேண்டும் என எதிர்பார்ப்போரை அவர் கடிந்துரைக்கிறார். சினமும் சோர்வும் தமக்கும் உண்டு என்கிறார். தம் அன்றாடச் செயல்களை அடுக்குமிடத்தில், எழுத்துக்கலை கற்பித்தலையும், நரம்புப் பரிசோதனை செய்யும் முறையை மருத்துவ மாணவர்க்குப் பயிற்றுவித்தலையும், வளர்ப்பு மகனை ஆளாக்கியதையும், பருவ வயதினரான மகளையும் மகனையும் வழிநடத்துவதையும், சிந்திச் சிதறினும் சுவைபடச் சமைப்பதையும் ஒரே வரிசையில் வைக்கிறார். தாய்மை அங்கே தியாகமாகப் பாடப்படவில்லை. செய்யும் வேலைகளுள் ஒன்றாக நிற்கிறது. மருத்துவர்முன் ஆராயப்படும் உடலாக இருந்தவர், வருங்கால மருத்துவர்க்கு ஆசிரியராகிறார். தமக்காகத் தாமே வாதாடுதல் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

குறையும் உண்டு. கல்வியும் பேனாவும் வேலைகளைப் பகிர்ந்துகொண்ட கணவரும் அவர்க்குத் துணைநின்றனர். இத்துணை இல்லார் நகுதல் எங்ஙனம் என்பதை இக்கட்டுரை ஆழ்ந்து நோக்கவில்லை. போர்டிக்சன் வட்டாரத்து லுக்குட், சிலியாவ், லிங்கித் தோட்டங்களில் வாழ்ந்த தாய்மாரை எண்ணினால் இக்குறை தெளிவாகும். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டு, பால்வாளி சுமந்த பெண்ணின் கால் சோர்ந்தால் நாட்சம்பளம் நின்றது. வேலையோடு பிணைந்திருந்த லயத்து வீடும் கேள்விக்குறியாயிற்று. அவள் தடுமாற்றத்தைச் சோம்பல் என்று சொல்வோர் உண்டு. அவளிடம் கேட்போர் இலர்.

ஆயினும் அவள் நகைக்கவில்லை என்று கொள்வது தவறு. தண்டலைக் கேலி பேசிய சொல்லாட்டும், தன் வறுமையையே எள்ளிய பழமொழியும் குழாயடியில் நிரம்ப இருந்தன. அவை ஏட்டில் ஏறவில்லை. மாணவர் எழுதும் 'என் தாய்' கட்டுரைகளில் தாய் உருகும் மெழுகுவத்தியாகவே வருகிறாள். நோயுற்றால் மௌனமாகக் கண்ணீர் வடிக்கிறாள். அவள் பேசுவதில்லை, வேண்டியதைக் கேட்பதில்லை, சிரிப்பதுமில்லை. இது தாயைப் போற்றுவது போலத் தோன்றினும் அவள் குரலைப் பறிப்பதே ஆகும்.

மலேசியாவில் 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் சட்டம் உரிமைகளை எழுத்தில் வைத்துள்ளது. அவ்வுரிமையைக் கேட்டுப் பெறும் மொழி வகுப்பறையில்தான் பழகப்பெறுதல் வேண்டும். மெயர்சைப் பயில்வதன் பயன் அயல்நாட்டுப் பெண்ணொருத்தியை வியப்பதன்று. மருந்து வந்தால் ஏற்பேன், வாராவிடினும் வாழ்வேன் என்னும் அவர் நிலைப்பாட்டைக் கற்ற மாணவன், அடுத்தமுறை நோயுற்ற தாயைப் பற்றி எழுதுமுன் அவளருகில் அமர்ந்து, அவள் சொல்வதைக் கேட்டு எழுதுவானாயின், அதுவே போதுமானது.