ஏவுதல் கருத்தாவின் கோட்டை

திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பற்றிய எந்தப் பிரதியை எடுத்தாலும் தொடக்கம் ஒன்றுதான்: 1605இல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கட்டினார். எம்.ஏ. தமிழ் படித்த புத்தி, என் கண் அந்த வினைமுற்றில் போய் நிற்கிறது. அரசன் கோயில் கட்டினான் என்றால் அவன் ஏவுதல் கருத்தா. தச்சன் கட்டினான் என்றால் இயற்றுதல் கருத்தா. பரீட்சையில் இரண்டையும் எழுதினால்தான் மார்க்கு. வரலாறு எழுதும்போது மட்டும் இரண்டாவது ஆளைக் காணோம்.

மதுரையிலிருந்து பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். முப்பது வருசம் சித்தாள் வேலை பார்த்தவர். பாறையில் வெட்டிய படியேறி, விளிம்பை ஒட்டி வளைந்து போகிற மதிலைத் தடவிப் பார்த்தார். "கல்லு இங்கனயே உடைச்சிருப்பாக. செங்கலும் சுண்ணாம்பும் கீழருந்துதான வரணும்? அம்புட்டும் தலச்சுமதான். சாந்து குழைக்கத் தண்ணி வேணாமா, அத யாரு தூக்குனது?" மழைத்தண்ணீர் தேங்கும் இடங்களைக் காட்டினேன். "கோடையில?" என்றார். பீரங்கி மேடை, மருந்துக் கிடங்கு, சிறை அறை என்று வியந்து எழுதியவர்கள் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டு நான் படித்ததில்லை.

அவர்களுடைய மிச்சக் கதையாடல் கைமாறுகிற கதை. 1755இல் ஐதர் அலி வந்தார். 1767இல் கம்பெனி பிடித்தது, மறுவருசம் ஐதர் மீட்டார். 1783இல் மறுபடி கம்பெனி. 1784 மங்களூர் உடன்படிக்கையில் திப்புவுக்குத் திரும்பி, 1790இல் ஒரேயடியாகப் போனது. இத்தனை கைமாற்றத்திலும் உடைந்த மதிலை ஒட்டவைத்தவன் ஒரு வரியிலும் வரவில்லை.

நம் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 'நாங்களும் ஆண்ட பரம்பரை' என்று மேடை போட்டு ஒரு ராசாவைத் தேடுகிறோம். நானே அப்படி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன், இப்போது கைவிடுகிறேன். அது இன்னொரு ஏவுதல் கருத்தாவை நம் சேரியிலிருந்து தயார் செய்யும் வேலை. "கூலிக்காரன்னு சொல்லிக்கிறதுல என்ன தோழர் பெருமை?" என்று ஒரு மாணவர் கோபப்பட்டார். நியாயமான கோபம்தான். மலையில் சுமந்தவர்கள் எல்லாரும் நம்மவர்கள் என்றும் நான் வாதாடவில்லை. ஆனால் ராசா பரம்பரை என்று சொல்லிக்கொண்டு கூலிப் பாக்கியைக் கேட்க முடியாது. பெரியம்மாவுக்குப் போன வருசத்துப் பாக்கியே இன்னும் வரவில்லை.

நத்தம், சாணார்பட்டிப் பக்கம் சுண்ணாம்புக் காளவாசலில் வேலை பார்த்த பெரியவர்கள் இருந்தால், தோழர்கள் கேட்டு எழுதி அனுப்புங்கள். எப்படிச் சுட்டார்கள், சாந்தை எப்படி அரைத்தார்கள், என்ன கொடுத்தார்கள், யார் கையால் கொடுத்தார்கள்.