துண்டும் கப்பலும்

யாத்திரை போகிறவன் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறான். எஸ். ஒய். அக்னானின் 'கடல்களின் நடுவே' குறுநாவலில் வருகிறவர்கள் வீட்டை விற்றுவிட்டுப் போகிறார்கள். கதையின் கனம் முழுக்க இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

காலம் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. அன்று ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த கலிசியாவில் புச்சாச் என்ற ஊர். ஹஸிதிய யூதர்களின் சிறு கூட்டம் ஒன்று புனித நாட்டுக்குப் புறப்படத் தயாராகிறது. குதிரை வண்டி, கலாட்ஸ் துறைமுகம், கருங்கடல், இஸ்தான்புல், யாஃபா, கடைசியில் ஜெருசலேம். போனால் அங்கேயே வாழ்ந்து அங்கேயே மண்ணாவது என்பது ஏற்பாடு. எனவே தயாரிப்பு என்பது மூட்டை கட்டுவது மட்டுமல்ல, ஊரோடு கணக்கை முடித்துக்கொள்வதும்தான். யோசெஃப் மேயிர் என்பவர் கூட வர மறுத்த மனைவியை விவாகரத்து செய்திருக்கிறார். அக்னான் இதைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதில்லை. பழைய பக்தி நூல்களின் சாந்தமான தொனியில், வீடு விற்றதைச் சொல்லும் அதே குரலில், மனைவியை விட்டதையும் சொல்லிவிட்டு மேலே போகிறார். பின்னால் கதை எந்தத் திசையில் போனாலும், அந்த நிதானம் நம்மைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கிறது. நம்பிக்கையை உணர்ச்சியாக அல்லாமல், விலை கொடுக்கும் காரியமாகப் பார்த்த எழுத்து இது. பக்திக் கதை என்று படித்து முடித்துவிடுகிறவனுக்கு இது தட்டுப்படாது.

பயணிகளில் ஒருவர் பெயர் ஷ்முவேல் யோசெஃப், ஷாலோம் மொர்தெகாய் ஹலேவியின் மகன். அது அக்னானின் சொந்தப் பெயர். தகப்பன் பெயரும் அவருடையதே. 1887இல் பிறந்தவர் தன் பாட்டனார் காலத்துக் கப்பலில் தனக்கும் இடம் பிடித்துக்கொள்கிறார். நிஜத்தில் அவர் 1908இல், இருபது வயதுச் சொச்சத்தில் யாஃபா போய்ச் சேர்ந்தபோது இப்படி ஒரு கூட்டம் உடன் போகவில்லை. 1912இல் ஜெர்மனி போனார். 1924இல் அங்கே வீடு தீப்பிடித்துப் புத்தகங்களும் கையெழுத்துப் பிரதிகளும் எரிந்த பிறகுதான் ஜெருசலேம் திரும்பினார். தனக்கு வாய்க்காத சபையை 1930களில் எழுதி உண்டாக்கிக்கொண்டார்.

ஆசைப் பூர்த்தி என்று இதைத் தள்ளிவிட முடியாமல் செய்கிறவன் ஹனன்யா. உடைமை முழுவதையும் ஒரு துண்டில் முடிந்துகொண்டு வந்து சேர்ந்தவன். மற்றவர்கள் பயணத்துக்குத் தயாராகும் நாட்களில், மறைநூல் படிக்கும் கூடத்தில் பழுதானவற்றைச் சரிசெய்கிறான். கப்பல் இவனை விட்டுவிட்டுப் புறப்பட்டுவிடுகிறது. இவன் துண்டை விரித்துக் கடல்மேல் உட்கார்ந்து போய்ச் சேர்கிறான். ஷ்முவேல் யோசெஃப் புனித நாட்டைப் பற்றிய கதைகளெல்லாம் அறிந்தவர். அவருக்குக் கப்பல் தேவைப்படுகிறது. கைவேலைக்காரனுக்குத் தேவைப்படவில்லை. அற்புதத்தைத் தன் பெயருக்கு எழுதிக்கொள்ளாத இந்த நாணயத்தில்தான் கலைஞன் தெரிகிறான்.

1939இல் வந்த 'ஓர் இரவு விருந்தாளி' எதிர்த்திசைப் பயணம். முதல் உலகப் போருக்குப் பின், ஜெருசலேமிலிருந்து ஒருவன் சொந்த ஊருக்கு வருகிறான். பழைய கூடத்தின் சாவியை அவனிடம் கொடுத்துவிடுகிறார்கள். விறகு வாங்கி அடுப்பு மூட்டுகிறான். சூட்டுக்காக ஆட்கள் வருகிறார்கள். சாவி ஒருமுறை தொலைகிறது. அவன் ஜெருசலேம் திரும்பிய பிறகு அது அவன் பைக்குள்ளேயே கிடக்கிறது. போனவர்கள் செப்பனிட்டு வைத்த கூடத்தை அப்புறம் யார் பார்த்துக்கொண்டார்கள் என்று முதல் கதை கேட்கவில்லை. இரண்டாவதில் அதைத் தவிர வேறு கேள்வி இல்லை.

1942-43இல் புச்சாச் யூதர்களை நாஜிகள் அழித்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு படிக்கிறவனுக்கு, புறப்பட்டவர்களே புத்திசாலிகள் என்று சொல்லத் தோன்றும். அது வரலாற்றை வைத்து இலக்கியத்துக்கு மார்க்கு போடுவது. அக்னானின் பயணிகள் சாவுக்குத் தப்பி ஓடவில்லை. ஒரு வாக்கைக் காப்பாற்றப் போனார்கள். அவர்கள் பின்னால் விட்டுப்போனதையும் ஒருவன் சுமக்க வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அந்தச் சாவி விருந்தாளியின் பையில் இருக்கிறது. இரண்டு நூல்களையும் சேர்த்துப் படிக்காதவன் அக்னானைப் பாதிதான் படித்திருக்கிறான்.