பிளஸ் ஒன்னில் நின்றுபோகும் பாட்டு

புதுச்சேரியில் செலியமேடு பக்கம் பாட்டுக் கற்கும் பிள்ளைகளுக்கு ஒரு வழக்கமான பாதை உண்டு. பத்தாவது வரை பாட்டு கிளாஸ். பிளஸ் ஒன் வந்ததும் அதை நிறுத்திவிட்டு டியூஷன். பிறகு புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாக பி.டெக்., கடைசியில் சென்னையிலோ பெங்களூரிலோ ஐ.டி. வேலை. இதைக் குறை சொல்ல வருபவர்கள் முதலில் இதன் நியாயத்தைப் பார்க்க வேண்டும். சென்டாக் தரவரிசைக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்தான் கணக்கு. கல்யாணி ராகம் பாடத் தெரிவதால் அரை மதிப்பெண்கூட ஏறாது. நெல்லையும் கரும்பையும் நம்பியிருக்கும் குடும்பம் மாதச் சம்பளத்தைத் தேடுவதில் என்ன தவறு? அரியாங்குப்பத்துப் பாரதியார் பல்கலைக்கூடம் இசையில் பட்டமே தருகிறது. பட்டத்துக்குப் பிறகு பிழைப்பு என்ன என்பதுதான் பெற்றோரின் கவலை.

என் வருத்தமெல்லாம் அந்த ஐ.டி. வேலையைப் பற்றியதே. பாட்டை விட்ட பிள்ளை, பொறியாளராகவும் ஒன்றை இழக்கிறது. இசைக் கீபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு ஸ்தாயி 12 சம பங்கு. அந்தர காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து 400 சென்ட் (சுருதி இடைவெளியின் அளவு) தள்ளி நிற்கும். தம்புராவின் நாதத்தில் தானாக எழும் காந்தாரமோ ஏறக்குறைய 386. தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கவே நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். சுருதி திருத்தும் மென்பொருள் அந்த அசைவைப் பிசகு என்று எடுத்துக்கொண்டு பக்கத்து ஸ்வரத்துக்கு இழுத்துவிடும். தோடி தோடியாக இருக்காது. எந்த இடத்தில் கெட்டது என்று சொல்ல, கமகம் பழகிய காது வேண்டும்.

அப்படிக் காதும் கணக்கும் சேர்ந்தபோது என்ன நடந்தது என்பதற்குச் சான்று உண்டு. விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல்.-இல் பொறியாளராக இருந்த பெங்களூர் ஜி. ராஜ்நாராயண் புல்லாங்குழல் கலைஞரும்கூட. இன்று வீட்டுக்கு வீடு ஒலிக்கும் ராடெல் சுருதிப் பெட்டி அவர் உருவாக்கியது. 2011-இல் பார்சிலோனாவில் தொடங்கிய காம்ப்மியூசிக் ஆய்வில், கர்நாடக இசையைக் கணினிக்குப் புரியவைக்கும் வேலையில் சென்னை ஐ.ஐ.டி.யின் ஹேமா மூர்த்தி குழு இறங்கியது.

பாட்டு கிளாஸிலும் குறை இருக்கிறது. போட்டி மேடைக்காக நாலு கீர்த்தனையை மனப்பாடம் செய்யவைத்தால் காது திறக்காது. அந்தக் கிளாஸை நிறுத்தினாலும் நஷ்டமில்லை. வேலைக்குப் போனபின் ஆன்லைனில் மறுபடி கற்றுக்கொள்ளலாம் என்பதும் உண்மைதான். ஆனால் பதினாறு வயதில் படியும் குரலும் விரலும் முப்பதில் அவ்வளவு எளிதில் படியாது.

பிள்ளைச்சாவடியின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அரியாங்குப்பத்துப் பல்கலைக்கூடமும் ஒரே புதுச்சேரி அரசின் கீழ்தான் இருக்கின்றன. பி.டெக். மாணவர் பல்கலைக்கூடத்தில் ஓர் இசைப் பாடத்தை மதிப்பெண்ணோடு படிக்க வழி செய்யட்டும். பெற்றோரும் பிளஸ் டூ முடியும்வரை வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது பாட்டுக்கு விடட்டும்.