கட்சிக்காரருக்கு வயது 14

"நெஞ்சு வலித்தால் இதய டாக்டரிடம் போகிறோம். பிள்ளை போலீஸில் மாட்டிக்கொண்டால் மட்டும் கிடைத்த வக்கீலிடம் போகலாமா?" அமெரிக்காவில் சிறார் சட்ட வழக்கறிஞர்களுக்குத் தரப்படும் தனித்துறை வாரியச் சான்றை ஆதரிப்பவர்கள் முதலில் எடுத்துவைக்கும் உவமை இது. அண்மையில் வழக்கறிஞர் நண்பர் ஒருவரும் இதையே சொல்லி, டெக்சாஸைப் பார்த்து நாமும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். உவமை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நெஞ்சு வலிக்கிறவர் டாக்டரைத் தானே தேடிப் போகிறார். அந்தப் பிள்ளை எங்கே தேடிப் போகும்?

சான்றின் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸின் சட்டத் தனித்துறை வாரியம் 1974இல் உருவானது. அதன் சான்றைப் பெற ஐந்தாண்டு வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும். மூன்றாண்டாவது அந்தத் துறையில் கணிசமாக உழைத்திருக்க வேண்டும். சக வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் மதிப்பிட வேண்டும். ஆறு மணி நேரத் தேர்வு வேறு. ஐந்தாண்டுக்கொரு முறை புதுப்பிக்கவும் வேண்டும். காசு கட்டி வாங்கும் பட்டமல்ல இது. சட்டமும் நுணுக்கமானது. காவலில் இருக்கும் சிறுவனின் எழுத்து வாக்குமூலம் செல்லுபடியாக, போலீஸ்காரரோ அரசு வழக்கறிஞரோ இல்லாத இடத்தில், மாஜிஸ்திரேட் முன்னிலையில் அவன் அதில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். விவரம் தெரியாத வக்கீல், "அந்த அறையில் யார் யார் இருந்தார்கள்?" என்று கேட்கவே மாட்டார். படித்தவர் வேண்டும் என்பதில் எனக்குச் சண்டை இல்லை.

இந்தச் சான்று யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பதில்தான் நெடுநாளாக எனக்குச் சண்டை. வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்ற தடையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1977இல் பேட்ஸ் வழக்கில் உடைத்தது. தனித்துறைச் சான்று பெற்றிருப்பதைக் கடிதத்தாளில் அச்சிட்டுக்கொள்ளலாம் என்று 1990இல் பீல் வழக்கில் சொன்னது. சான்று வளர்ந்த மண் இதுதான்: கடைத்தெரு, பெயர்ப்பலகை, தேர்ந்தெடுக்கும் வாடிக்கையாளர். சொத்துத் தகராறுக்கும் விவாகரத்துக்கும் பொருந்தும். சிறார் நீதிமன்றத்திலோ வாடிக்கையாளர் என்று ஒருவரும் இல்லை. கட்சிக்காரருக்கு வயது 14. டெக்சாஸில், காவலில் எடுக்கப்பட்ட இரண்டாம் வேலை நாளுக்குள் அவன் நீதிபதி முன் நிறுத்தப்படுகிறான். அவன் அம்மா வேலைக்கு விடுப்புச் சொல்லி, பேருந்து பிடித்து வந்து சேர்வதே பெரும்பாடு. யாரிடம் சான்று இருக்கிறது என்று அவள் எப்போது தேடுவாள்? வசதியில்லாத பிள்ளைக்கு வக்கீலை நீதிமன்றமே நியமிக்கிறது. சுவரில் மாட்டிய சான்றைப் பார்த்து வருகிறவர்கள், கட்டணம் கட்ட முடிந்த பெற்றோர் மட்டுமே.

அடுத்தது, மதிப்பிடுகிறவர்கள். நியமனம் நீதிபதி கையில். நியமன வக்கீலின் கட்டணத்துக்கு ஒப்புதலும் அவர் கையில். சான்றுக்கு நல்ல வார்த்தை சொல்லும் இடத்திலும் நீதிபதிகள். பையனுக்காக அதே நீதிபதியிடம் மல்லுக்கட்ட வேண்டிய வக்கீலை, மல்லுக்கட்டப்படுகிறவரே எடைபோட்டால் தராசு எந்தப் பக்கம் சாயும்? எல்லா நீதிபதிகளும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் பணிந்துபோகிறவருக்கு இந்த ஏற்பாட்டில் இழப்பு ஏதுமில்லை.

சிறாருக்கு வக்கீல் உரிமை வந்த கதையையே பாருங்கள். 1964இல் அரிசோனாவில் ஜெரால்டு கால்ட் என்ற 15 வயதுப் பையனை, ஆபாசமாகத் தொலைபேசியில் பேசினான் என்று போலீஸ் பிடித்துப்போனது. வேலை முடிந்து வீடு திரும்பிய தாய்க்கு ஒரு துண்டுச் சீட்டுகூட வைக்கவில்லை. புகார் சொன்ன பெண் விசாரணைக்கு வரவில்லை, வக்கீல் இல்லை, நடந்தது எதுவும் பதிவாகவில்லை. வயதுவந்தவருக்கு 50 டாலர் வரை அபராதமோ இரண்டு மாதச் சிறையோ தரும் குற்றத்துக்கு, 21 வயதுவரை சீர்திருத்தப் பள்ளி என்று தீர்ப்பு. சிறாருக்கும் வக்கீல் உரிமை உண்டு என்று 1967இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இந்த வழக்கில்தான். கால்டுக்கு அன்று தேவைப்பட்டவர் நிபுணர் அல்ல, பக்கத்தில் நிற்க ஓர் ஆள்.

அது பழைய கதை என்றால், பென்சில்வேனியாவின் லூசர்ன் மாவட்டம் பழைய கதையா? தனியார் காவல் மையங்களோடு தொடர்புடைய பணத்தை வாங்கிக்கொண்ட இரு நீதிபதிகள் சிக்கியது 2009இல். சில நிமிட விசாரணையில் பிள்ளைகள் கைவிலங்கோடு அனுப்பப்பட்டார்கள். பாதிப்பேருக்கு வக்கீலே இல்லை. அதைவிட எனக்கு உறைப்பது, அந்த நீதிமன்ற அறைக்குள் தினமும் வந்துபோன வழக்கறிஞர்களின் மௌனம். அவர்களுக்குச் சட்டம் தெரியாமலா இருந்தது? தெரிந்தும் வாய் திறக்காததை எந்த ஆறு மணி நேரத் தேர்வு கண்டுபிடிக்கும்?

டெக்சாஸில் இன்னொரு வேடிக்கை. கடுங்குற்ற வழக்கில் 14 வயதுப் பையனைப் பெரியவர்களின் நீதிமன்றத்துக்கு மாற்றுவதையும் அங்கே பேச்சுவழக்கில் 'சர்ட்டிஃபை' செய்வது என்றே சொல்கிறார்கள். வக்கீலுக்கும் சர்ட்டிஃபிகேஷன், பையனுக்கும் சர்ட்டிஃபிகேஷன். ஒருவருக்குப் பெயருக்குப் பின்னால் ஒரு வரி கூடுகிறது; மற்றவனுக்குப் பிள்ளைப்பருவம் கழிகிறது. இரண்டும் ஒரே வழக்கில் சந்திக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை என்பதுதான் என் குறை.

நண்பருக்கு என் பதில் இதுதான். சான்று நல்லதென்றால் அதை வக்கீலின் பெயர்ப்பலகையில் மாட்டாதீர்கள். நீதிமன்றத்தின் நியமனப் பட்டியலின் வாசலில் மாட்டுங்கள். பெரியவர்களின் நீதிமன்றத்துக்குப் போகவிருக்கும் பிள்ளையின் வழக்கை, அந்தத் தகுதி இல்லாதவரிடம் கொடுக்காதீர்கள். தகுதிக்கேற்ற கட்டணத்தை அரசு கொடுக்கட்டும். கையில் இருக்கும் வழக்குகளுக்கு வரம்பு வையுங்கள். மதிப்பீட்டில் நீதிபதியைக் கேட்பதற்கு முன், வளர்ந்து ஆளாகிவிட்ட பழைய கட்சிக்காரர்களைக் கேளுங்கள்: முதல் விசாரணைக்கு முன்பு இவர் வந்து உன்னைப் பார்த்தாரா? இந்த ஒரு கேள்வி சேராதவரை, டெக்சாஸிலிருந்து நாம் கொண்டுவருவது சட்டகம் போட்ட ஒரு தாள்.