கூரையை மடிக்கத் தெரியுமா?

பழைய கார்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்ஜினைப் பற்றி எழுதுவார்கள். கொஞ்சம் ரசனை கூடியவர்கள் பானெட்டின் வளைவைப் பற்றி எழுதுவார்கள். திறந்த கார்களின் துணிக் கூரையைப் பற்றி எழுதுவது அபூர்வம். கல்யாண ஆல்பத்தில் சமையல்காரரைத் தேடுவது மாதிரிதான். போட்டோவில் கூரை எப்போதும் மடிந்தே இருக்கும்!

'தி கிராஜுவேட்' (1967) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டஸ்டின் ஹாஃப்மன் சிவப்பு ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடரில் தலைமுடி பறக்கப் போவது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதே காரில் மிஸஸ் ராபின்சன் மழையில் தொப்பலாக நனைந்து வந்து ஏறுவாரே, அப்போது தலைக்கு மேல் ஒரு கூரை இருந்தது. அது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

என் கட்சி இதுதான். திறந்த காரை, கூரை இறங்கியிருக்கும்போது மதிப்பிடக் கூடாது. ஏறியிருக்கும்போதும் கூடாது. நடுவில் இருக்கிறதே இரண்டு நிமிஷம், அங்கேதான் டிசைனர் உங்களை மனுஷனாக மதித்தாரா இல்லையா என்பது தெரியும்.

முதலில் இங்கிலாந்து. எம்.ஜி.பி. 1962-லிருந்து 1980 வரை தயாரான கார். மூடிய ஜிடி மாடலையும் சேர்த்து 5 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். ஆரம்ப வருஷங்களில் இதற்கு இரண்டு வகைக் கூரை உண்டு. ஒன்று மடிப்பது. இன்னொன்று, துணியை மொத்தமாகக் கழற்றி, பிறகு கம்பிச் சட்டத்தையும் பிடுங்கி, எல்லாவற்றையும் டிக்கியில் போடுவது. கூடாரம் அடிப்பது என்றால் இதுதான். அதுவும் எந்த நாட்டில்? வெயில் அடிக்கும்போதே தூறல் போடுகிற நாட்டில்! வரிசையாக பிரஸ் பட்டன்களைப் போட்டு முடிப்பதற்குள் சீட் குளமாகியிருக்கும். குளிர் நாளில் வினைல், அதாவது நம்ம ஊர் ரெக்ஸினின் சொந்தக்காரன், சுருங்கிவிடும். கடைசி பட்டன் அதன் குமிழுக்கு எட்டவே எட்டாது.

இதையெல்லாம் 'அதுதாங்க அந்தக் காரின் அழகே' என்று சொல்லும் ரசிகர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது பின்னால் கட்டிய கதை. அந்த கம்பெனியே ஒப்புக்கொள்ளவில்லை. 1971 மாடலுக்கு மிகெலோட்டி என்ற இத்தாலியரின் டிசைனில் சுலபமாக மடிகிற கூரைக்கு மாறிவிட்டார்கள். (சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு மூலமான டிரையம்ஃப் ஹெரால்டை வரைந்ததும் இதே மிகெலோட்டிதான்.)

இத்தாலிக்காரர்களுக்கு இந்த வித்தை முன்பே தெரியும். 1966-ல் வந்த ஆல்ஃபா ஸ்பைடரிலும் ஃபியட் 124 ஸ்பைடரிலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே முன் கண்ணாடி மேலுள்ள கொக்கிகளை விடுவித்து, கூரையைப் பின்னால் தள்ளிவிடலாம். ஃபியட்டில் பக்கத்துச் சின்னக் கண்ணாடிகளும் கூரையோடு சேர்ந்தே மடிந்து போய்விடும். சிக்னலில் நிற்கும்போது மழை வந்தால், பச்சை விழுவதற்குள் மூடிவிடலாம். இரண்டும் பினின்ஃபாரினா பட்டறையில் பிறந்தவை. அழகாக வரைந்ததற்காக அவர்களைக் கொண்டாடுகிறோம். என்னைக் கேட்டால், இந்தக் கொக்கிகளுக்காகவே தனியாக ஒரு மாலை போடலாம்.

ஜெர்மன்காரர்கள் கூரையைத் துணியாகவே நினைக்கவில்லை, அறையாக நினைத்தார்கள். கார்மன் கம்பெனி 1949-லிருந்து 1980 வரை செய்த ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கன்வர்ட்டிபிளில் வெளித்துணி, நடுவே மெத்தை, உள்ளே இன்னொரு துணி. பின்னால் நிஜக் கண்ணாடி. மூடினால் குளிர்காலத்தில்கூட நிம்மதி. ஆனால் மடித்தால், பின் சீட்டுக்கு மேலே சுருட்டிய மெத்தையை வைத்த மாதிரி குவிந்து நிற்கும். பின்னால் லாரி வருகிறதா என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். எல்லாம் ஒரே காரில் கிடைக்காது போலிருக்கிறது. எம்.ஜி.பி-யைத் திட்டினேன் அல்லவா, அதன் கூரையைப் பொறுமைசாலி ஒருவர் வீட்டிலேயே மாற்றிவிடலாம். பீட்டிலின் அந்த மெத்தைக் கூரையில் கைவைக்க, தொழில் தெரிந்தவர்தான் வேண்டும்.

சரி, பராமரிப்பு. பி.காமில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த தேய்மானக் கணக்கில் கார் என்பது ஒரே சொத்து. வருஷத்துக்கு இத்தனை சதவிகிதம் என்று கழித்துக்கொண்டே வரலாம். துணிக் கூரை அந்தக் கணக்குக்கு அடங்காது. இன்ஜின் ஓடினால் தேயும். கூரையோ சும்மா கிடந்தாலும் கெடும்!

ஈரக் குடையை மடித்து வைத்தால் என்ன ஆகும்? அதேதான். ஈரத்தோடு மடித்த கான்வாஸில் பூஞ்சை பிடிக்கும், கறை விழும். நன்றாகக் காய்ந்த பிறகே இறக்க வேண்டும். அழுக்கை முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பிறகு வெதுவெதுப்பான தண்ணீரும் மிதமான சோப்பும் போதும். சுழலும் பிரஷ் வைத்த கார் வாஷும், பீய்ச்சியடிக்கும் பிரஷர் பம்ப்பும் துணிக்கும் தையலுக்கும் எமன்கள். பிளாஸ்டிக் பின்ஜன்னல் இருந்தால், அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் கூடவே கூடாது, மங்கிவிடும். கடுங்குளிரில் மடித்தால் விரிசல். மடிக்கும்போது நடுவே ஒரு மெல்லிய துணியை வைத்துவிட்டால் கீறல் விழாது.

இதையெல்லாம் செய்கிறவர்களும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மாசக்கணக்கில் கூரையை மடித்தே வைத்துவிடுவது. நம் வீட்டுப் பாட்டிகளுக்கு இது தெரியும். பட்டுப்புடவையைக் கட்டாவிட்டாலும் அவ்வப்போது எடுத்து, மடிப்பை மாற்றி வைப்பார்கள். இல்லாவிட்டால் மடிப்பிலேயே இற்றுப்போகும். கூரைத்துணியும் அப்படித்தான். மடிப்புத் தடம் நிலைத்துவிடும், துணி சுருங்கும், ஒருநாள் இழுத்தால் முன் கண்ணாடி வரை வராது. காரை ரொம்ப நாள் நிறுத்தி வைப்பதென்றால் கூரையை ஏற்றித்தான் வைக்க வேண்டும். கண்காட்சிகளில் பளபளவென்று நிற்கும் கார்களில் எத்தனை பேருடைய கூரை சுலபமாக ஏறும் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. ரொம்பக் கவனமாகக் காட்சிக்கு வைத்தே ஒரு பொருளைக் கெடுப்பது ஒரு தனிக் கலை!

1989-ல் மாஸ்டா எம்.எக்ஸ்-5 வந்தது. பழைய பிரிட்டிஷ் கார்களின் உருவம், இத்தாலியக் கூரையின் சுலபம், எண்ணெய் ஒழுகாத ஜப்பானிய இன்ஜின். ஆனால் பின்ஜன்னல் மட்டும் பிளாஸ்டிக். கூரையை இறக்கும் முன் அதன் ஜிப்பைத் திறந்து ஜன்னலைத் தட்டையாகப் படுக்க வைக்க வேண்டும். அவசரக்காரர்கள் அப்படியே தள்ளினார்கள், ஜன்னலில் நிரந்தரமாகக் கோடு விழுந்தது. 1998-ல் வந்த அடுத்த மாடலில்தான் நிஜக் கண்ணாடி வைத்தார்கள். அந்த முதல் எம்.எக்ஸ்-5 இன்று பழைய கார் பிரியர்கள் தேடி வாங்கும் வண்டியாகிவிட்டது. வாங்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறக்கச் சொல்வதற்கு முன், விற்பவரைக் கூரையை ஒருமுறை இறக்கி ஏற்றிக் காட்டச் சொல்லலாம். அவர் கை முதலில் ஜிப்புக்குப் போகிறதா, கொக்கிக்குப் போகிறதா என்று மட்டும் பாருங்கள்.